சிறிய உடல்வாகுள்ள ரன்னிங் பேக் ஒருவரே அணியின் முழு ஓட்டச் சுமையையும் தாங்க முடியுமா? (டெட்ராய்ட் லயன்ஸ், ஜாமிர் கிப்ஸ்)

ஏரிக்காற்று:

அனைவருக்கும் வணக்கம். அமெரிக்கக் கால்பந்தின் தொழில்முறைப் போட்டித் தொடரான என்.எஃப்.எல்.இல் ஆடும் டெட்ராய்ட் லயன்ஸ் அணியின் 2024 பருவத்தை முழுவதும் பார்த்தவன் என்ற முறையில், மனத்தில் தங்கிவிட்ட ஒரு கேள்வியை உங்கள் முன் வைக்கிறேன். அந்த அணியின் ரன்னிங் பேக், அதாவது பந்தை ஏந்தி ஓடும் ஓட்டக்காரர், ஜாமிர் கிப்ஸின் உயரம் 5 அடி 9 அங்குலம்; எடை ஏறத்தாழ 200 பவுண்டு. அந்தப் பருவத்தில் அவர் 250 கேரிகளில் (ஒரு கேரி என்பது பந்தை ஏந்தி ஒருமுறை ஓடுவது) 1,412 யார்டு ஓடினார். அவருடன் சுமையைப் பகிர்ந்துகொண்ட டேவிட் மாண்ட்கோமரி 5 அடி 11 அங்குலமும் 224 பவுண்டும் உள்ளவர். அவர் 185 கேரிகளில் 775 யார்டு எடுத்தார். வேகம் தேவைப்படும் இடத்தில் ஒருவரும், நெரிசலுக்குள் தோளைக் கொடுத்து முட்டிச் செல்ல வேண்டிய இடத்தில் மற்றவரும் என்ற ஏற்பாடு இரண்டு பருவங்களாக நன்றாகவே நடந்துவந்தது.

டிசம்பர் நடுவில் பஃபலோ பில்ஸுக்கு எதிரான ஆட்டத்தில் மாண்ட்கோமரிக்கு முழங்காலில் அடிபட்டதால், வழக்கமான பருவத்தின் கடைசி மூன்று ஆட்டங்களில் கிப்ஸே முதன்மை ஓட்டக்காரராக நின்றார். மூன்றிலும் 100 யார்டைக் கடந்தார். 14 வெற்றி, 2 தோல்வி என்று சமநிலையில் இருந்த இரு அணிகள் மோதிய 2025 ஜனவரி 5 ஆட்டத்தில், மினசோட்டா வைக்கிங்ஸுக்கு எதிராக 23 கேரிகளில் 139 யார்டு ஓடி, எறிந்த பந்தை (பாஸ்) பிடித்து எடுத்ததையும் சேர்த்து நான்கு டச் டவுன் (பந்துடன் எதிரணியின் கோல் கோட்டைக் கடந்து புள்ளி பெறுவது) எடுத்தார். லயன்ஸ் 31-9 என்று வென்றது.

என் ஐயம் இதுதான். மூன்று வாரம் தாங்கிய உடல், 17 ஆட்டங்களுக்கும் அதே அளவில் தாங்குமா? என்னுடன் ஆட்டம் பார்க்கும் நண்பர்களில் ஒரு சாரார், சிறிய ஓட்டக்காரருக்கு ஆட்டத்துக்கு 12 முதல் 15 கேரிகளுக்கு மேல் கொடுத்தால் நவம்பருக்குள் முடங்கிவிடுவார் என்கிறார்கள். மறு சாரார் உடனே லயன்ஸின் பழைய ஓட்டக்காரரான, உயரம் குறைந்த பாரி சாண்டர்ஸ் பெயரைச் சொல்லி வாதத்தை முடித்துவிடுகிறார்கள். ஒரு தனிப்பெரும் திறமையாளரைக் காட்டி ஒரு பொதுக் கேள்விக்கு விடை சொல்லிவிட முடியுமா என்று எனக்குத் தெளிவாகவில்லை. இந்த ஆட்டத்தை நீண்ட காலமாகக் கவனித்துவருபவர்கள் விளக்கினால் நன்றியுடையவனாக இருப்பேன்.

நான்காம் டவுன்:

நல்ல கேள்வி, நண்பரே. ஆனால் ‘சிறிய’ என்ற ஒரே சொல்லுக்குள் இரண்டு வெவ்வேறு செய்திகள் கலந்துவிடுகின்றன. குட்டையாக இருப்பது ஒன்று. எடை குறைவாக இருப்பது மற்றொன்று. இவற்றைப் பிரிக்காமல் பேசும்வரை இந்த விவாதம் முன்னேறாது.

உயரத்தை மட்டும் எடுத்துக்கொண்டால், வரலாறு ஐயத்துக்கு இடமே வைக்கவில்லை. என்.எஃப்.எல். வரலாற்றில் வேறு எவரையும்விட அதிகமாக, 4,409 முறை பந்தை ஏந்தி ஓடி 18,355 யார்டு எடுத்த எமிட் ஸ்மித்தின் உயரம் 5 அடி 9 அங்குலம்தான். அதாவது கிப்ஸின் உயரமே. 13 பருவங்களில் ஒரே ஓர் ஆட்டத்தைத் தவறவிட்டு 3,838 கேரிகளைச் சுமந்த வால்டர் பேட்டன் அவரைவிட ஓர் அங்குலமே உயரம். நியூயார்க் ஜயன்ட்ஸ் அணியின் ஜோ மாரிஸ் 5 அடி 7 அங்குலம்; 1986 பருவத்தில் அவர் 341 கேரிகளில் 1,516 யார்டு ஓடினார், அந்த அணி அந்தப் பருவத்திலேயே சூப்பர் போல் என்னும் இறுதிப் போட்டியை வென்றது. 2011இல் அதே 5 அடி 7 அங்குல உயரமுள்ள மாரிஸ் ஜோன்ஸ்-டுரூ, வலுவான பாஸ் தாக்குதல் எதுவும் இல்லாத ஜாக்சன்வில் அணியில், எதிரணிகள் எல்லாம் தன்னையே குறிவைத்து நின்ற நிலையில், 343 கேரிகளில் 1,606 யார்டு ஓடி என்.எஃப்.எல். முழுவதிலும் முதலிடம் பெற்றார்.

குட்டையான ஓட்டக்காரருக்கு உள்ள சாதகங்களும் தற்செயலானவை அல்ல. 6 அடி 5 அங்குலமும் 300 பவுண்டுக்கு மேலும் உள்ள, வழி திறந்துகொடுக்கும் ஆஃபென்சிவ் லைன் வீரர்களுக்குப் பின்னால் அவர் ஓடும்போது, எதிரணித் தடுப்பாளரான லைன்பேக்கரின் பார்வையிலிருந்து அவர் மறைந்துபோகிறார். அவர் எந்த இடைவெளியில் வெளிப்படுவார் என்பதை எதிராளி அரை நொடி தாமதமாகத்தான் அறிகிறார். உடலின் எடை மையம் தாழ்வாக இருப்பதால் திசை மாறும்போது தடுமாற்றம் குறைகிறது. மோதலில் யாருடைய தோள்பட்டை தாழ்ந்திருக்கிறதோ அவருக்கே பலம் என்பது இந்த ஆட்டத்தின் அடிப்படை விதி; உயரமான ஓட்டக்காரர் முயன்று குனிந்து பெறும் அந்தத் தாழ்வு குட்டையானவருக்கு இயல்பாகவே வாய்த்திருக்கிறது.

எனவே பார்க்க வேண்டியது உயரத்துக்குத் தக்க உடற்கட்டு இருக்கிறதா என்பதையே. உடல் நிறை குறியீட்டைக் கணக்கிட்டுப் பாருங்கள்: 5 அடி 8 அங்குலமும் 203 பவுண்டும் உள்ள பாரி சாண்டர்ஸுக்கும், 6 அடி 3 அங்குலமும் 247 பவுண்டும் உள்ள டெரிக் ஹென்றிக்கும் அது ஏறத்தாழ ஒன்றுதான், 31 அளவில் நிற்கிறது. ஜோன்ஸ்-டுரூவுக்கு 33ஐ நெருங்குகிறது. அதாவது சாண்டர்ஸ் ஒல்லியான மனிதர் அல்லர்; ஹென்றியின் உடலையே குறுக்கி வார்த்ததுபோல் தொடையும் இடுப்பும் திரண்டவர். கிப்ஸுக்கு இந்த எண் 29.5 அளவில் வருகிறது. மயாமி அணியின் 188 பவுண்டு எடையுள்ள டிவான் ஏச்சேனுக்கு 28க்கும் கீழே இறங்குகிறது.

சாண்டர்ஸ் பெயரைச் சொல்லி வாதத்தை முடிப்பது சரியன்று என்று நீங்கள் கருதுவதை ஏற்கிறேன். ஆனால் அவரை விதிவிலக்கு என்று ஒதுக்கிவிடவும் கூடாது. பத்துப் பருவங்களில் நடந்த 160 ஆட்டங்களில் 153இல் ஆடி, 3,062 கேரிகளில் 15,269 யார்டு ஓடினார். எந்தப் பருவத்திலும் 1,000 யார்டுக்குக் கீழே போகவில்லை, ஐந்து ஆட்டங்களைத் தவறவிட்ட 1993 உட்பட. 1997இல் முதல் இரண்டு ஆட்டங்களில் சேர்த்து 53 யார்டே எடுத்திருந்தவர், அடுத்த பதினான்கு ஆட்டங்களிலும் தொடர்ந்து 100 யார்டைக் கடந்து, 2,053 யார்டில் பருவத்தை முடித்தார். அந்தப் பருவத்தில் அவருக்கு 335 கேரிகள். டாமி வார்டெல் என்ற கனத்த ஃபுல்பேக் முன்னால் சென்று வழி திறந்துகொடுத்தார் என்பதையும் சேர்த்தே நினைவில் வைக்க வேண்டும்.

மணற்பாதை:

நான்காம் டவுன் அவர்களின் உயரம், எடைப் பிரிப்பு பயனுள்ளதே. ஆனால் உடல் நிறை குறியீட்டை அளவுகோலாக வைத்தால் அது உடனே ஒரு சிக்கலில் மாட்டிக்கொள்கிறது. டேரன் ஸ்புரோல்ஸ் 5 அடி 6 அங்குலமும் 190 பவுண்டும் உள்ளவர். அவருக்கும் அந்த எண் 31 அளவில்தான் வரும், சாண்டர்ஸுக்கு இணையாக. ஆயினும் 2005 முதல் 2019 வரை நீண்ட அவருடைய ஆட்ட வாழ்வில் ஒரு பருவத்தில்கூட அவர் 100 கேரியை எட்டியதில்லை. அவர் திறமையற்றவர் என்று எவரும் சொல்ல முடியாது: 2011இல் நியூ ஆர்லியன்ஸ் அணிக்காக ஓட்டம், பாஸ் பிடித்தல், உதைத்த பந்தைத் திருப்பிக் கொண்டுவருதல் ஆகிய எல்லாவற்றையும் சேர்த்து 2,696 யார்டு எடுத்து, ஒரு பருவத்துக்கான என்.எஃப்.எல். சாதனையைப் படைத்தார். அவரிடம் பந்தைக் கொடுத்த பயிற்சியாளர்கள் அறிந்தே, தேர்ந்தே, அவரை நெரிசலுக்குள் அனுப்பவில்லை. மோதலில் அடர்த்தி உதவலாம். ஆனால் 250 பவுண்டு லைன்பேக்கர் ஒருவர் முழு வேகத்தில் வரும்போது இறுதியில் கணக்கில் வருவது மொத்த எடையும் வேகமும்தான்.

கல்லூரி ஆட்டத்தைப் பார்த்து மயங்குபவர்களுக்காகவும் ஒன்று சொல்ல வேண்டும். சான் டியேகோ ஸ்டேட் பல்கலைக்கழகத்தின் டானல் பம்ஃப்ரி 5 அடி 8 அங்குலம், 176 பவுண்டு. 2016 பருவத்தில் 2,133 யார்டு ஓடி, கல்லூரி வாழ்வின் மொத்தமாக 6,405 யார்டுடன் சாதனை படைத்தார். புதிய வீரர்களை அணிகள் தேர்ந்தெடுக்கும் டிராஃப்டின் நான்காம் சுற்றில் ஃபிலடெல்ஃபியா அவரை எடுத்தது, என்.எஃப்.எல்.இல் அவரால் காலூன்ற முடியவில்லை. கேன்சஸ் ஸ்டேட்டின் டியூஸ் வான் 5 அடி 5 அங்குல உயரத்துடன் 2022இல் 293 கேரிகளில் 1,558 யார்டு ஓடியவர். அடுத்த ஆண்டு டாலஸ் அணியில் 23 கேரிகளில் அவருக்குக் கிடைத்தது 40 யார்டு.

கல்லூரியில் இயன்றது ஏன் இங்கே இயலவில்லை என்பதற்கு எதிராளிகளின் உடல் வலிமை மட்டுமே காரணம் அன்று. மைதானமே வேறு. ஒவ்வொரு நகர்வுக்கும் பந்து வைக்கப்படும் எல்லையைக் குறிக்கும் ஹாஷ் கோடுகள் இரண்டும் கல்லூரி ஆட்டத்தில் 40 அடி இடைவெளியில் இருக்கின்றன, என்.எஃப்.எல்.இல் அந்த இடைவெளி 18 அடி 6 அங்குலம். கல்லூரியில் பந்து ஒரு பக்கத்து ஹாஷ் கோட்டில் வைக்கப்படும்போது மறுபக்கம் மிக விரிந்த வெளி கிடைக்கிறது. வேகமான சிறிய ஓட்டக்காரர் அந்த வெளியை நோக்கி ஓடி மோதலையே தவிர்த்துவிட முடியும். என்.எஃப்.எல்.இல் பந்து எப்போதும் நடுவை ஒட்டியே இருப்பதால், இரு பக்கமும் அளவான இடமே கிடைக்கிறது. அந்த அளவான இடத்தையும் மூடும் வேகம் அங்கே லைன்பேக்கர்களுக்கு இருக்கிறது. வெளிப்பக்கம் ஓடித் தப்பிப்பதையே நம்பியிருந்தவர், வேறு வழியின்றி உள்ளே திரும்ப வேண்டியிருக்கிறது.

இதைவிட முக்கியமாக, பந்து ஓட்டக்காரரின் கையில் இல்லாத ஸ்னாப்களை (ஒவ்வொரு ஸ்னாப்பும் பந்து பின்னால் கொடுக்கப்பட்டுத் தொடங்கும் ஓர் ஆட்ட நகர்வு) எவரும் பேசுவதில்லை. ஒரு ரன்னிங் பேக் முழுச் சுமையையும் ஏற்கிறார் என்றால், மூன்றாம் டவுனிலும் (பத்து யார்டு முன்னேறக் கிடைக்கும் நான்கு வாய்ப்புகளில் மூன்றாவது) அவர் களத்தில் இருக்க வேண்டும். பந்தை எறியும் குவாட்டர்பேக்கை நோக்கி எதிரணி கூடுதல் ஆட்களை அனுப்பிப் பாயும் பிளிட்ஸைத் தடுத்து நிறுத்த வேண்டும். கேரியில் மோதலின் கோணத்தை ஓடுபவர் ஓரளவு தானே தேர்ந்துகொள்கிறார். பிளாக்கிங்கில், அதாவது பாய்பவரைத் தடுத்து நிற்பதில், அந்த உரிமை இல்லை. நின்ற இடத்தில் நின்று நேருக்கு நேர் வாங்கிக்கொள்ள வேண்டும். இந்த மோதல்கள் எந்தப் புள்ளிவிவரப் பட்டியலிலும் ஏறுவதில்லை, ஆனால் உடலில் ஏறிவிடுகின்றன. 200 பவுண்டு மனிதரிடம் 300 கேரிகளையும் கொடுத்து இந்த வேலையையும் கொடுப்பது அவரை இருமுறை செலவழிப்பதாகும் என்பது என் உறுதியான கருத்து.

வெண்பனி:

மணற்பாதை அவர்கள் பிளாக்கிங்கைப் பற்றிச் சொன்னது இந்த இழையின் மிக முக்கியமான குறிப்பு. ஆனால் அதிலிருந்து அவர் வந்தடையும் முடிவுடன் முழுமையாக உடன்பட முடியவில்லை. ஜோன்ஸ்-டுரூவை மறுபடி நினைத்துப் பாருங்கள். 2007இல் சான் டியேகோ அணியின் ஷான் மெரிமன், 6 அடி 4 அங்குலமும் 270 பவுண்டை ஒட்டிய எடையும் உள்ளவர், குவாட்டர்பேக்கை நோக்கிப் பாய்ந்தபோது, 5 அடி 7 அங்குல ஜோன்ஸ்-டுரூ தாழ்வாக நின்று அவரை எதிர்கொண்டு மல்லாக்கத் தள்ளினார். பிளாக்கிங்கிலும் தாழ்ந்து நிற்பவருக்குப் பலன் இருக்கிறது. அதைக் கற்றுக்கொள்ளும் விருப்பமும், பிளிட்ஸ் எங்கிருந்து வரும் என்று ஸ்னாப்புக்கு முன்பே படித்தறியும் கூர்மையும் வேண்டும்.

இன்றைய ஆட்டத்திலிருந்து ஓர் எடுத்துக்காட்டு வேண்டுமானால், கிப்ஸைவிடவும் பொருத்தமானவர் லாஸ் ஏஞ்சலஸ் ராம்ஸ் அணியின் கைரன் வில்லியம்ஸ். 5 அடி 9 அங்குலம். டிராஃப்டுக்கு முந்தைய சோதனையில் 194 பவுண்டு எடை, 40 யார்டு ஓட்டத்தில் 4.65 நொடி. அதாவது எடையும் இல்லை, கிப்ஸுக்குள்ள மின்னல் வேகமும் இல்லை. அதனால்தான் அவர் ஐந்தாம் சுற்றுவரை காத்திருக்க நேர்ந்தது. ஆயினும் பயிற்சியாளர் ஷான் மெக்வே அவரைக் களத்திலிருந்து எடுக்கவே தயங்கினார். காரணம், பிளிட்ஸைத் தடுப்பதில் அவர் காட்டிய துணிவும் தெளிவும். 2023இல் கணுக்காலில் அடிபட்டு நான்கு ஆட்டங்களை இழந்தபோதும் 228 கேரிகளில் 1,144 யார்டு ஓடினார். 2024இல் 316 கேரிகள், 1,299 யார்டு, 14 ஓட்ட டச் டவுன். 200 பவுண்டை ஒட்டிய ஒருவர் இன்றைய என்.எஃப்.எல்.இல் 300 கேரிகளைத் தாண்ட முடியும் என்பதற்கு இதைவிட வேறு சான்று தேவையில்லை.

ஆனால் அந்த எண்களையே இன்னொரு முறை நிதானமாகப் பாருங்கள். 2023இல் கேரிக்கு 5 யார்டு எடுத்தவர், 2024இல் 4.1 யார்டுக்கு இறங்கினார். இதற்கு லைன் வீரர்களின் காயங்கள் உட்படப் பல காரணங்கள் இருக்கலாம். சுமை மட்டுமே காரணம் என்று நான் அறுதியிட மாட்டேன். இருந்தாலும் சிறிய ஓட்டக்காரரிடம் சுமையை ஏற்றும்போது முதலில் தேய்வது அவருடைய எலும்பு அன்று, அவரை அவராக்கிய கூர்மை. ஆட்டத்தின் நான்காம் கால்பகுதியில் அந்த முதல் அடியின் வெடிப்பு குறைந்துவிட்டால், 200 பவுண்டு ஓட்டக்காரர் வெறும் எடை குறைந்த ஓட்டக்காரராகிவிடுகிறார். கனத்தவருக்குக் களைப்பிலும் எடை மிச்சமிருக்கும். ‘முடங்குவாரா’ என்று கேட்பதோடு நின்றுவிடாமல், ‘25ஆம் கேரியில் அவர் யாராக இருப்பார்’ என்றும் கேட்க வேண்டும்.

நான் மிகவும் மதிக்கும் முன்மாதிரி வாரிக் டன். 5 அடி 9 அங்குலம், 190 பவுண்டை எட்டாத எடை. கிப்ஸைவிடவும் எடை குறைந்தவர். டாம்பா பே அணியில் இருந்தபோது ஏறத்தாழ 250 பவுண்டு எடையுள்ள மைக் ஆல்ஸ்டாட் அவருடன் சுமையைப் பகிர்ந்துகொண்டார். அட்லாண்டாவுக்கு வந்த பிறகு, 30 வயதைத் தொட்ட நிலையில், 2004 முதல் 2006 வரை மூன்று பருவங்கள் தொடர்ந்து 265க்கும் 286க்கும் இடையில் கேரிகளைச் சுமந்து, மூன்றிலும் 1,000 யார்டைக் கடந்தார். 2005இல் 280 கேரிகளில் 1,416 யார்டு ஓடியவருக்கு அந்தப் பருவத்தில் கிடைத்த ஓட்ட டச் டவுன்கள் மூன்றே. ஏனெனில் கோல் கோட்டை நெருங்கியதும் பந்து டி.ஜே. டக்கெட் என்ற 250 பவுண்டு வீரரிடம் போய்விடும். 80 யார்டை டன் கடந்துகொடுக்க, கடைசி இரண்டு யார்டை மற்றொருவர் எடுப்பார். பெயருக்கும் புகழுக்கும் இது இழப்புதான். ஆனால் ஒரு யார்டுக்காக எட்டு ஒன்பது பேர் குவிந்து நிற்கும் அந்த நெரிசலில் ஆண்டுதோறும் விழுந்திருக்க வேண்டிய அடிகள் அவர் மேல் விழவில்லை. மொத்தம் 10,967 யார்டுகளுடன் ஓய்வுபெற்றார்.

ஏரிக்காற்று:

மூவருக்கும் மனமார்ந்த நன்றி. டன் பற்றிய செய்தி எனக்குப் புதிது. கோல் கோட்டு வேலையைப் பிரித்துக் கொடுப்பது இவ்வளவு பொருள் தரும் என்று எண்ணியதில்லை. உங்கள் பதில்களைப் படித்தபின் மேலும் ஓர் ஐயம் எழுகிறது. கேரிகளை மட்டும் எண்ணுகிறோமே, கிப்ஸ் பிடிக்கும் பாஸ்களை எந்தக் கணக்கில் வைப்பது? 2024இல் அவர் 52 பாஸ்களைப் பிடித்தார். அப்படியென்றால் அவர் பந்தைத் தொட்டது 302 முறை. மணற்பாதை அவர்கள் அஞ்சும் அந்த 300 என்ற எல்லையை அவர் ஏற்கெனவே கடந்துவிட்டார் என்று கொள்ளலாமா? கிறிஸ்டியன் மெக்காஃப்ரி 2019இல் 287 கேரிகளும் 116 பாஸ்களுமாக 403 முறை பந்தைத் தொட்டு, ஓட்டத்திலும் பாஸிலும் தனித்தனியே 1,000 யார்டைக் கடந்தார். அடுத்த பருவத்தில் மூன்று ஆட்டங்களும் அதற்கடுத்த பருவத்தில் ஏழு ஆட்டங்களுமே ஆட முடிந்தது. அவருக்கு நேர்ந்ததை எச்சரிக்கையாக எடுத்துக்கொள்ள வேண்டுமா?

நான்காம் டவுன்:

மெக்காஃப்ரியின் வரலாற்றை எச்சரிக்கையாகவே எடுத்துக்கொள்ள வேண்டும். ஆனால் அது உடல் சிறிதாக இருப்பதைப் பற்றிய எச்சரிக்கை அன்று, மிகுந்த சுமையைப் பற்றிய எச்சரிக்கை. பெரும் சுமை சுமந்த அடுத்த ஆண்டில் முடங்கியவர்களின் பட்டியலைப் பார்த்தால் அதில் பெரிய உடல்காரர்களே நிறைந்திருக்கிறார்கள். ஜமால் ஆண்டர்சன் 235 பவுண்டை ஒட்டியவர். 1998இல் 410 கேரிகள், அடுத்த பருவத்தின் இரண்டாம் ஆட்டத்திலேயே முழங்கால் போயிற்று. 230 பவுண்டு லாரி ஜான்சன் 2006இல் 416 கேரிகள் என்ற சாதனையைப் படைத்தார். 2007இல் பாதிப் பருவம்தான் ஆடினார். டெரிக் ஹென்றி 2020இல் 378 கேரிகளில் 2,027 யார்டு ஓடி, 2021இல் எட்டு ஆட்டங்களுக்குள் 219 கேரிகளை ஏற்ற நிலையில் பாத எலும்பு முறிந்து வெளியேறினார். 2011இல் 343 கேரிகளைச் சுமந்த ஜோன்ஸ்-டுரூவும் 2012இல் பாதக் காயத்தால் ஆறு ஆட்டங்களோடு நின்றார். 247 பவுண்டுக்கும் 210 பவுண்டுக்கும் ஒரே மாதிரி முடிவு நேர்ந்திருக்கும்போது, எடையைக் குற்றம் சாட்டுவது நியாயமில்லை.

பிடிக்கும் பாஸ்களைப் பற்றிக் கேட்டீர்கள். எல்லாத் தொடுதல்களையும் ஒரே எடைக்கல்லில் நிறுக்கக் கூடாது. வெளிப்பக்கம் பாஸைப் பிடித்து ஓடும்போது பெரும்பாலும் அவரைச் சந்திப்பவர் கார்னர்பேக் என்னும் 190 பவுண்டு ஓரத் தடுப்பாளர். பல நேரங்களில் கோட்டுக்கு வெளியே காலெடுத்து வைத்து மோதலையே தவிர்த்துவிடலாம். உள்ளே, எதிரணியின் நடுவில் நிற்கும் கனத்த தடுப்பாளர்களான இரண்டு டிஃபென்சிவ் டேக்கில்களுக்கு நடுவே போகும் ஒரு கேரியில், கீழே விழுவதற்குள் மூன்று பேர் மேலே விழுகிறார்கள். எனவே நான் எண்ணச் சொல்வது கேரியையும் அன்று, தொடுதலையும் அன்று. நேருக்கு நேர் வாங்கிய அடிகளை. இதை எந்த ஒளிபரப்பும் திரையில் காட்டுவதில்லை என்பதால், ஆட்டத்தைப் பார்ப்பவர் தாமே கவனித்துத்தான் அறிய வேண்டும். கிப்ஸின் 250 கேரிகளில் பெரும்பகுதி வெளிநோக்கிச் செல்லும் ஓட்டங்களாக அமைந்தால் அவை இலேசானவை. அவற்றில் நூறு, ஒரு யார்டு தேவைப்படும் மூன்றாம், நான்காம் டவுன்களில் போனால் அதே 250 மிகக் கனமானது. நான்காம் டவுனிலும் பந்தை உதைத்துவிடாமல் முன்னேறப் பார்க்கும் லயன்ஸின் டேன் கேம்பெல் போன்ற பயிற்சியாளரின் அணியில் இந்த வேறுபாடு இன்னும் பெரிதாகிறது. அங்கே ஒரு யார்டுக்கான நெரிசல்கள் அதிகம்.

அடிகளைக் குறைப்பதில் லைனின் பங்கை எவ்வளவு சொன்னாலும் தகும். எமிட் ஸ்மித்துக்கு முன்னால் லாரி ஆலன், நேட் நியூட்டன், எரிக் வில்லியம்ஸ் ஆகியோரும், டேரில் ஜான்ஸ்டன் என்ற ஃபுல்பேக்கும் இருந்தார்கள். பல கேரிகளில் அவர் மீது முதல் கை விழுவதற்குள் நான்கு யார்டு போயிருக்கும். அப்போது வருபவர் ஓடிவந்து பக்கவாட்டில் பற்றுகிறாரே தவிர, நின்று எதிர்கொண்டு இடிப்பதில்லை. சாண்டர்ஸுக்கு அந்த வசதி பல ஆண்டுகள் இல்லை. 1994 பருவத்தின் பிளேஆஃப் என்னும் வெளியேற்றச் சுற்றில் கிரீன் பே அணிக்கு எதிராக 13 கேரிகளில் கழித்தல் ஒரு யார்டு என்று முடிந்தது அவருடைய நாள். சாண்டர்ஸையே அப்படி நிறுத்த முடிந்தது என்றால், வழி திறக்காத இடத்தில் எந்த உடலும் போதாது. கிப்ஸுக்கு முன்னால் பெனே சூவெல் போன்ற வலிமையான லைன் வீரர் ஒருவர் நிற்கும்வரை, அவருடைய 250 கேரிகளை வேறோர் அணியின் 250 கேரிகளோடு ஒப்பிடவே கூடாது.

மணற்பாதை:

நேருக்கு நேர் வாங்கும் அடிகளையே எண்ண வேண்டும் என்ற நான்காம் டவுன் அவர்களின் அளவுகோலை ஏற்கிறேன். அதை ஏற்றால் என் கவலைக்கும் அதில் இடம் இருக்கிறது, ஏனெனில் பிளிட்ஸைத் தடுக்கும்போது விழும் அடிகளும் அந்தக் கணக்கில் சேர்ந்துவிடுகின்றன.

ஃபம்பிளை, அதாவது பந்தை நழுவவிடுவதைப் பற்றி ஒரு சொல். சிறிய கைகளும் இலேசான உடலும் உள்ளவர் கூட்டத்துக்குள் அடிக்கடி செல்லும்போது பந்து நழுவும் என்ற அச்சம் பயிற்சியாளர்களிடம் உண்டு. கைரன் வில்லியம்ஸும் 2024இல் இதற்காக விமர்சிக்கப்பட்டார். இது திருத்தக்கூடிய குறை என்பதற்கு ஜயன்ட்ஸ் அணியின் டிக்கி பார்பர் சான்று. 5 அடி 10 அங்குலமும் 200 பவுண்டை ஒட்டிய எடையும் கொண்ட அவர், 2002, 2003 ஆகிய இரண்டு பருவங்களிலும் ஒன்பது ஒன்பது முறை பந்தை நழுவவிட்டார். 2004இல் டாம் காஃப்லின் பயிற்சியாளராக வந்தபின், பந்தை நெஞ்சுக்கு உயரத்தில், மணிக்கட்டு முழங்கைக்கு மேலே இருக்கும்படி இறுக்கிப் பிடிக்கும் முறைக்கு மாறினார். 2005இல் 357 கேரிகளில் 1,860 யார்டு ஓடியபோது ஒரே ஒரு முறைதான் நழுவவிட்டார். அப்போது அவருக்கு வயது 30.

வெண்பனி:

ஏரிக்காற்று அவர்களின் முதல் கேள்விக்கு ஓர் எண்ணைச் சொல்லியே ஆக வேண்டும் என்றால், என் கணிப்பு இது: 17 ஆட்டப் பருவத்தில் கிப்ஸுக்கு 260 முதல் 280 வரை கேரிகளும், 50 முதல் 60 வரை பிடித்த பாஸ்களும் கொடுக்கலாம். ஆட்டத்துக்கு 16 கேரி என்பது அவருடைய வேகம் கடைசி வரை மங்காமல் இருக்கும் அளவு. இரண்டாம் ஓட்டக்காரர் 220 பவுண்டுக்குக் குறையாதவராக இருந்து, கோல் கோட்டருகே உள்ள கேரிகளையும், பிளிட்ஸ் வரும் என்று தெரிந்த மூன்றாம் டவுன்களில் பெரும்பகுதியையும் ஏற்க வேண்டும். மாண்ட்கோமரி இல்லாத அந்த மூன்று வாரங்களைப் போல், ஆட்டத்துக்கு 20 கேரிகளுக்கு மேல் என்பதை ஒரு பருவத்தில் நான்கைந்து முறை, தேவை வரும்போது, கிப்ஸிடம் கேட்கலாம். ஜனவரியில் தோற்றால் வெளியேற்றம் என்ற நிலையில் இன்னும் தாராளமாகக் கேட்கலாம். செப்டம்பரில், 20 புள்ளி முன்னிலையில் இருக்கும் ஆட்டத்தின் நான்காம் கால்பகுதியில் அவரை உள்ளே அனுப்பி யார்டு சேர்ப்பதைத்தான் நான் எதிர்க்கிறேன். அந்த நேரத்துக் கேரிகள் இரண்டாமவருக்கு உரியவை.